நகரத்துப் பறவைகளும் மருந்துக்கு அடங்காக் கிருமிகளும்



காகம் மருந்துக் கடைக்குப் போவதில்லை. அதற்குச் சுரம் கண்டால் சீட்டு எழுதிக் கொடுக்கும் வைத்தியரும் இல்லை. அப்படியிருக்க, நகரத்துக் குப்பையில் இரை தேடும் காகங்களின் குடலில், உயர்ந்த மருந்துகளுக்கும் சாகாத பாக்டீரியாக்கள் வாழ்கின்றன என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். மருந்தையே அறியாத ஓர் உயிரின் வயிற்றுக்குள், மருந்தை வெல்லும் கிருமி எவ்வாறு நுழைந்தது? இந்த ஒரு வினாவுக்கு விடை தேடவே இன்று உங்கள் முன் பேச வந்திருக்கிறேன்.

முதலில் கிருமியைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம். 1885ஆம் ஆண்டில் தியோடர் எஷெரிக் என்ற மருத்துவர், குழந்தைகளின் மலத்தை ஆராயும்போது கோல் வடிவமான ஒரு பாக்டீரியாவைக் கண்டு விவரித்தார். அவர் பெயராலேயே அது பின்னாளில் எஷெரிச்சியா கோலை என்று வழங்கலாயிற்று, சுருக்கமாக ஈ. கோலை என்பார்கள். இது உங்கள் குடலிலும் இருக்கிறது, என் குடலிலும் இருக்கிறது. மாடு, கோழி, காகம், புறா ஆகியவற்றின் குடலிலும் இருக்கிறது. பெரும்பாலும் நமக்குத் தீங்கு செய்யாமல், உண்ட சோற்றின் மிச்சத்தில் பிழைத்துக் கிடக்கும் குடித்தனக்காரன் என்று சொல்லலாம். ஆனால் குடலை விட்டு வெளியேறிச் சிறுநீர்ப் பையிலோ இரத்தத்திலோ புகுந்துவிட்டால், அதே குடித்தனக்காரன் உயிருக்கே உலை வைப்பான். அதனுள்ளும் பல வகைகள் உண்டு. சில வகைகள் சாது, சில வகைகள் மிகப் பொல்லாதவை.

அதன் பெருக்கம் வியக்கத்தக்கது. நல்ல உணவும் வெப்பமும் கிடைத்தால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்று இரண்டாகும். கணக்கில் ஆர்வமுள்ளவர்கள் போட்டுப் பாருங்கள். எட்டு மணி நேரத்தில் இருபத்து நான்கு முறை இரட்டிக்கும். ஒரே ஒரு கிருமி 1,67,77,216 ஆகியிருக்கும். இவ்வளவு பெரிய கூட்டத்தில் படி எடுக்கும்போது சிற்சில பிழைகள் நேர்வது இயல்பு. அப்பிழைகளுள் என்றோ ஒன்று, ஒரு மருந்திலிருந்து தப்பும் வல்லமையை அக்கிருமிக்குத் தந்துவிடக்கூடும். மருந்து வரும்போது மற்றவை மடியும். இது மட்டும் நின்று, காலியான இடம் முழுவதையும் தன் சந்ததியால் நிரப்பும்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். "அவர் உடம்புக்கு மருந்து பழகிவிட்டது" என்று பலரும் பேசுவதைக் கேட்கிறோம். நான் திருத்திய விடைத்தாள்களிலும் இதே கருத்து ஆண்டுதோறும் தவறாமல் தலைகாட்டும். பழகுவது உடம்பன்று, கிருமிக் கூட்டமே மாறிப்போகிறது. ஆகையால்தான் ஒருவர் தம் வாழ்நாளில் ஒரு மாத்திரையும் விழுங்காதவராக இருந்தாலும், அடங்காத கிருமி வேறோரிடத்திலிருந்து அவரிடம் வந்து சேரலாம். காகத்தின் கதையும் இதுவே.

நுண்ணுயிர்களை ஒடுக்கும் மருந்துகளை ஆங்கிலத்தில் ஆன்ட்டிபயாட்டிக் என்பார்கள். அவற்றுள் புகழ் மிக்கதான பெனிசிலினை அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1928இல் கண்டார். அதை மருந்தாக்கி நோயாளிக்குக் கொடுத்தது 1941இல். ஆனால் அதற்கு முந்திய ஆண்டிலேயே, அதாவது 1940இல், ஆக்ஸ்போர்டில் ஆபிரகாம், செயின் என்ற இருவர், கோலைக் கிருமி சுரக்கும் ஒரு நொதி பெனிசிலினைச் சிதைத்துவிடுவதை எழுதி வெளியிட்டார்கள். வாள் உறையிலிருந்து வெளிவருவதற்கு முன்பே கேடயம் தயாராக இருந்தது என்று இதைக் கொள்ளலாம். 1945இல் நோபெல் பரிசு பெற்றபோது நிகழ்த்திய சொற்பொழிவில், மருந்தைக் குறைந்த அளவில் கொடுத்தால் கிருமிகள் எதிர்த்து நிற்கப் பயிலும் என்று ஃபிளெமிங்கே எச்சரித்தார்.

எனினும் அவர் காலத்தில் எவரும் எதிர்பாராத ஒரு செய்தி ஜப்பானிலிருந்து வந்தது. இதை நான் சற்று விரித்தே சொல்ல விரும்புகிறேன். இதை விளங்கிக்கொள்ளாதவருக்குப் பறவைகளின் கதை விளங்காது.

உலகப் போருக்குப் பிறகு ஜப்பானில் சீதபேதி மிகுதியாக இருந்தது. அதை உண்டாக்கும் ஷிகெல்லா என்னும் பாக்டீரியாவை மருந்துகளால் அடக்கி வந்தார்கள். 1950களின் நடுவில், சல்ஃபா, ஸ்ட்ரெப்டோமைசின், குளோரம்ஃபெனிகால், டெட்ராசைக்ளின் என்ற நான்கு மருந்துகளுக்கும் ஒருசேர அடங்காத ஷிகெல்லா தோன்றிற்று. நான்கு வேறு மருந்துகளை வெல்ல நான்கு வேறு பிழைகள் ஒரே கிருமியில் அடுத்தடுத்து நேர்ந்தன என்று நம்புவது கடினம். மேலும் ஒரு விந்தை: அதே நோயாளியின் குடலிலிருந்த கோலைக் கிருமியும் அதே நான்கு மருந்துகளுக்கு அடங்க மறுத்தது. 1959இல் ஒச்சியாய், அகிபா என்ற ஆராய்ச்சியாளர்கள் உண்மையைக் காட்டினார்கள். ஒரு பாக்டீரியா தன் எதிர்ப்பாற்றலை மற்றொரு பாக்டீரியாவுக்கு, அது வேற்றினமாக இருந்தாலும், கைமாற்றிக் கொடுத்துவிடுகிறது!

இதை எவ்வாறு விளக்குவது? வகுப்பில் ஒரு மாணவனிடம் கடினமான கணக்குகளுக்கெல்லாம் விடை எழுதிய சிறு குறிப்பேடு ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். அவன் அதைப் படி எடுத்துப் பக்கத்து மாணவனுக்குக் கொடுக்கிறான். தன் குறிப்பேட்டையும் வைத்துக்கொள்கிறான். வாங்கியவன் அடுத்த வகுப்பு மாணவனுக்கு மீண்டும் படி எடுத்துக் கொடுக்கிறான். மாலைக்குள் பள்ளி முழுவதும் ஒரே விடை! பாக்டீரியாவிடம் உள்ள இந்தக் குறிப்பேட்டுக்கு பிளாஸ்மிட் என்று பெயர். அது வட்ட வடிவமான சிறு மரபுப் பொருள். ஒரே பிளாஸ்மிடில் நான்கைந்து மருந்துகளை வெல்லும் மரபணுக்கள் வரிசையாக அமைந்திருக்கலாம். தேர்வறையில் இத்தகைய குறிப்பேட்டைக் கண்டால் பறித்துவிடுவேன். குடலுக்குள்ளும் சாக்கடைக்குள்ளும் கண்காணிப்பாளர் யாரும் இல்லை.

இப்போது ஆஸ்திரேலியாவுக்குச் செல்வோம். அந்நாட்டுக் கரையோர நகரங்களில் நம் ஊர்க் காகத்தின் இடத்தைப் பிடித்திருப்பது வெள்ளிக் கடற்காகம். வெண்ணிற உடல், சாம்பல் நிறச் சிறகு, சிவந்த அலகும் காலும் கொண்ட அழகிய பறவை. அழகுக்குத் தக்க நாணம் மட்டும் கிடையாது. துறைமுகத்து உணவு மேசையில் உருளைக்கிழங்கு வறுவலைக் கையிலிருந்தே பறித்துக்கொண்டு போகும். நகரம் வளர வளர, குப்பைக் கிடங்குகள் பெருகப் பெருக, இந்தப் பறவையும் பெருகிற்று.

சிட்னிக்குத் தெற்கே வொல்லொங்காங் என்னும் தொழில் நகரம் இருக்கிறது. அதற்கு அருகே கடலில் ஐந்து தீவுகள் என்றே பெயர் பெற்ற சிறு தீவுக் கூட்டம் உண்டு. வெள்ளிக் கடற்காகங்கள் அங்கே கூட்டங்கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. 2012இல் ஆராய்ச்சியாளர்கள் அத்தீவுகளிலும், சிட்னித் துறைமுகத்தைச் சேர்ந்த ஒயிட் பே என்ற இடத்திலும், தெற்கே வெகு தொலைவிலுள்ள மான்டேகு தீவிலும் இப்பறவையின் குஞ்சுகளைப் பரிசோதித்தார்கள். பஞ்சு சுற்றிய சிறு குச்சியால் குஞ்சின் ஆசனவாயில் மாதிரி எடுத்து, மருந்து கலந்த ஊட்டக் கூழில் வளர்த்துப் பார்ப்பது முறை. மருந்தில் எது முளைக்கிறதோ அதுவே அடங்காத கிருமி.

அவர்கள் தேடியது சாதாரண எதிர்ப்பாற்றலை அன்று. கார்பபீனம் என்ற ஒரு மருந்து வகை உண்டு. மற்ற மருந்துகள் கைவிட்ட நோயாளிக்கு, மருத்துவமனையில் ஊசி வழியாகக் கொடுப்பதற்கென்று காத்து வைத்திருக்கும் மருந்து அது. அதையும் சிதைக்கும் நொதியைச் செய்யும் பாக்டீரியா, ஐந்து தீவுகளில் பரிசோதித்த குஞ்சுகளுள் நூற்றுக்கு 40 வீதம் இருந்தது! மற்ற இரண்டு இடங்களிலோ அது அரிதினும் அரிது. மான்டேகு தீவில் ஒரு குஞ்சிடமும் இல்லை.

இந்த வேறுபாட்டை நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். மூன்று இடத்திலும் பறவை ஒன்றே, பருவமும் ஒன்றே. குஞ்சுகள் இன்னும் தம் பிறப்பிடத்தை விட்டுப் பறந்து போகாதவை. ஆகவே அவற்றின் குடலில் உள்ளது, தாயும் தந்தையும் கரைக்குப் போய் விழுங்கி வந்து, கக்கி ஊட்டிய இரையோடு வந்திருக்க வேண்டும். அல்லது கூட்டத்தில் ஒன்றிடமிருந்து ஒன்று பெற்றிருக்க வேண்டும். அந்த நொதிக்குரிய மரபணு ஆஸ்திரேலிய மருத்துவமனை நோயாளிகளிடம் முன்னரே அறியப்பட்டதுதான். காட்டிலும் கடலிலும் அது தானாக விளைந்து பறவைக்கு வந்தது என்று சொல்ல இடமில்லை. மனிதரின் கழிவிலிருந்தே பறவை அதைப் பெற்றது என்று கொள்வதே பொருத்தமாகும். பின்னர் 2019இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், ஆஸ்திரேலியாவின் பல கரைகளில் திரட்டிய கடற்காக எச்சத்தில் நூற்றுக்கு இருபதுக்கு மேற்பட்டவற்றில், நாம் அன்றாடம் நம்பியிருக்கும் உயர்ந்த மருந்துகளுக்கு அடங்காத ஈ. கோலை காணப்பட்டது.

கடற்காகத்தை விட்டு நமக்குத் தெரிந்த காகத்துக்கு வருவோம். சாம்பல் கழுத்துடைய வீட்டுக் காகம், நம் நாட்டிலும் வங்காள தேசத்திலும் ஒன்றே. வங்காள தேசத்தில் மருத்துவமனைக் கழிவுகளில் இரை பொறுக்கிய காகங்களை ஆராய்ந்து 2015இல் ஒரு கட்டுரை வெளியாயிற்று. அக்காகங்களிடம் பல மருந்துகளுக்கு அடங்காத ஈ. கோலை இருந்தது, உலகெங்கும் மனிதருக்குச் சிறுநீர்த் தொற்று உண்டாக்குவதில் பேர்போன எஸ்.டி. 131 என்ற வகையும் அதில் இருந்தது. கட்டுத்துணியும் பஞ்சும் எச்சில் சோறும் ஒரே தொட்டியில் மூடியின்றிக் கிடந்தால், காகத்துக்கு அது அன்னசத்திரம். நோயாளியின் குடலிலிருந்து காகத்தின் குடலுக்கு வழி இவ்வளவு குறுகியது என்று அறியும்போது எனக்கு உண்மையிலேயே அச்சம் உண்டாயிற்று.

குப்பைக்கு அடுத்தபடி தண்ணீர். புது தில்லி நகரில் தெருவோரம் தேங்கியும் கசிந்தும் நின்ற நீரை 171 இடங்களில் எடுத்துப் பார்த்தபோது 51 மாதிரிகளில், கார்பபீனத்தைச் சிதைக்கும் மற்றொரு மரபணு இருந்ததென்று 2011இல் அறிவித்தார்கள். குழாய்த் தண்ணீர் மாதிரிகள் 50இல் இரண்டிலும் அது இருந்தது. ஐதராபாத்துக்கு அருகே பட்டன்செருவில், மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவு நீரைச் சுத்திகரித்து வெளியேற்றும் இடத்தில், ஒரு லிட்டருக்கு முப்பது மில்லிகிராம் அளவுக்குச் சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததை 2007இல் வெளியிட்டார்கள். மருந்து உண்ட நோயாளியின் இரத்தத்தில்கூட அவ்வளவு மருந்து இராது. அத்தகைய நீரில் அடங்கும் கிருமி மடிய, அடங்காதது மட்டுமே கொழுக்கும். அவ்வழிச் செல்லும் பறவை அதில்தான் தாகம் தீர்த்துக்கொள்கிறது.

இனிப் பறவைக்கே உரிய ஒரு சிறப்பு, அதற்குச் சிறகு இருப்பது. 2005இல் ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் வட துருவப் பகுதிக்குச் சென்று, சைபீரியா, அலாஸ்கா, கிரீன்லாந்து ஆகிய இடங்களில் காட்டுப் பறவைகளின் ஈ. கோலையைச் சேகரித்தார்கள். மருந்துக் கடை, மருத்துவமனை, கோழிப்பண்ணை எதுவும் அண்டையில் இல்லாத பனிவெளி. 97 பறவைகளிலிருந்து எடுத்தவற்றுள் 8 ஏதேனுமொரு மருந்துக்கேனும் அடங்காதவையாக இருந்தன. அப்பறவைகளுள் பல, குளிர்காலத்தைத் தொலைதூர நாடுகளில் கழித்து மீண்டவை. கோலிஸ்டின் என்ற மிகப் பழைய மருந்தை, வேறு வழியில்லாத நிலையில் மருத்துவர்கள் மீண்டும் கையில் எடுத்தார்கள். அதை வெல்லும் மரபணு பிளாஸ்மிடில் ஏறியிருப்பதைச் சீனாவில் 2015இல் கண்டார்கள். மறு ஆண்டிலேயே அர்ஜென்டினாவிலும் லித்துவேனியாவிலும் கடற்காகங்களிடம் அதைக் கண்டதாகச் செய்தி வந்தது. பண்ணைக் கால்நடைகளுக்குக் கோலிஸ்டின் கொடுப்பதை இந்திய அரசு 2019இல் தடை செய்தது, நல்ல காரியம்.

மருந்தின் வாடையே இல்லாத இடத்தில் இத்தகைய கிருமிகள் பறவையின் குடலில் நிலைக்குமா என்று கல்லூரி மாணவர் ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். எதிர்ப்பாற்றலைச் சுமப்பது கிருமிக்கு ஓரளவு பாரமாகையால், மருந்து நின்றால் அது தோற்றுப்போகும் என்றே பலரும் நினைத்திருந்தார்கள். ஸ்வீடனில் காட்டு வாத்துகளை வைத்து இதைச் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். ஆன்ட்டிபயாட்டிக் ஒரு துளியும் கொடுக்காமலே, கூட்டத்தில் ஒன்றிடமிருந்து ஒன்றுக்கு அடங்காத ஈ. கோலை விரைந்து பரவி, நெடுநாள் தங்கியது. பாரம் என்று நாம் கருதியது அவற்றுக்கு அவ்வளவு பாரமாக இல்லை போலும்.

இவ்வளவும் கேட்டபின் சிலருக்கு ஓர் எண்ணம் எழும்: இந்தக் காகங்களையும் புறாக்களையும் ஒழித்துக்கட்டிவிட்டால் என்ன? நகரசபைக் கூட்டங்களில் இப்படிப் பேசுவோர் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். இதை நான் வன்மையாக மறுக்கிறேன். பறவையிடமுள்ள கிருமியும் மனிதனிடமுள்ள கிருமியும் ஒரே வகை என்று காட்டுவது எளிது. பறவையே மனிதனுக்குக் கொடுத்தது என்று காட்டுவது மிகக் கடினம். இரண்டும் ஒரே சாக்கடையிலிருந்து பெற்றிருக்கலாம். பெரும்பாலான சான்றுகள் மனிதனிடமிருந்து பறவைக்குச் செல்லும் வழியையே சுட்டுகின்றன. வழக்கு மன்றத்தில் சாட்சி சொல்ல வந்தவனைப் பிடித்துச் சிறையில் அடைப்பது எந்த நீதி? காகத்தை ஒழித்தால் குப்பை அங்கேயே இருக்கும். எலியும் நாயும் அதை மேயும். சாட்சி மட்டும் இராது.

அதற்காகப் பறவையால் கெடுதி வரவே வராது என்றும் நான் சொல்லவில்லை. மூடாத மேல்நிலைத் தொட்டியில் எச்சம் விழுந்தால் அந்நீரைப் பருகுவோர் அதில் பங்கு பெறுவார்கள். ஏரியோரம் கூடும் பறவைகள், கிருமியை ஓர் ஊர்க் கழிவிலிருந்து மற்றோர் ஊர்க் குடிநீருக்கு எடுத்துச் செல்லக் கூடும். கீரைப் பாத்தியில் விழும் எச்சமும் கருத வேண்டியதே. உங்கள் பாட்டி காகத்துக்குச் சோறு வைப்பதைத் தடுக்க வேண்டாம். எச்சம் விழுந்த இடத்தைத் துடைத்தபின் சோப்பிட்டுக் கை கழுவினால் போதும். எச்சம் வெறும் அழுக்கு என்று எண்ணி, துடைத்த கையோடு சிற்றுண்டிக்கு உட்காராமல் இருந்தால் சரி.

உலகில் 2019ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றினால் நேரிடையாக இறந்தவர் ஏறத்தாழ 12,70,000 பேர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். பிறந்து சில நாளே ஆன சிசுக்களும் இதில் அடங்குவர். மருந்துப் பட்டையில் சிவப்புக் கோடு இட்டிருந்தால், மருத்துவர் சீட்டின்றி அதை வாங்கலாகாது என்பது பொருள். இந்நாட்டில் பல உயர்ந்த ஆன்ட்டிபயாட்டிக்குகளை 2014 முதல் தனி அட்டவணையில் சேர்த்து, விற்பனையைப் பதிவேட்டில் எழுதவும் விதித்தார்கள். சளிக்கும் சாதாரணச் சுரத்துக்கும் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் இரண்டு மாத்திரை, விழுங்கியவரின் குடலோடு நிற்பதில்லை என்பதை இப்போது அறிந்துகொண்டீர்கள். குடலுக்குப் பின் கழிவறை, கழிவறைக்குப் பின் வாய்க்கால், வாய்க்கால் கரையில் காகம்.

விலங்கியல் பயிலும் மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். எச்சத்தை எடுத்து ஆராயும் வேலையைப் பயிற்சி பெற்றோரிடம் விட்டுவிடுங்கள். அதைத் தொடவே வேண்டாம். ஆனால் அலாஸ்காவில் கடற்காகங்களின் மேல் சிறு கருவி பொருத்தி, எந்தக் குப்பைக் கிடங்கிலிருந்து எங்கே போகின்றன என்று வரைபடம் எழுதினார்களே, அதற்கு நிகரான ஒன்றைக் கருவியில்லாமலே நீங்கள் செய்யலாம். ஒரு தாளில் உங்கள் தெருக்களை வரைந்துகொள்ளுங்கள். காகங்கள் எங்கே இரை எடுக்கின்றன, எங்கே நீர் குடிக்கின்றன, எந்தத் தொட்டிக்கு மூடியில்லை, எந்த மருத்துவமனையின் பின்புறத்தில் அவை கூடுகின்றன என்று ஒரு மாதம் குறியுங்கள். மாலையில் அவை அடையும் மரத்திலிருந்து தொடங்குவது எளிது. அந்த மரத்தை இன்றே பார்த்து வைத்துக்கொண்டு, நாளை விடியுமுன் அதன் அருகே போய் நில்லுங்கள். வெளிச்சம் வந்ததும் அவை கிளம்பிவிடும்.